தரைக்குள் ஒரு கொசுவத்திச் சுருள்

ஏற்காட்டில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மார்கழியில் தரையில் கால் வைக்க முடியவில்லை. தரைக்குள் சுடுநீர்க் குழாய் பதிக்கப் போகிறோம். ஒரே குழாயை வீடு முழுக்க ஓட்டிவிட்டால் போதாதா?"

போதாது. ஆனால் அதற்கு முன் அவர் தரையைப் பற்றிக் கொஞ்சம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டுவதற்குள் எட்டு டிகிரி போய்விடும். போதாக்குறைக்கு கிரானைட் தரை. அது காலின் சூட்டை மளமளவென்று இழுத்துக்கொள்ளும். அடியில் குழாய் வந்துவிட்டால் அதே குணம் நமக்கு உதவும். சூட்டை வேகமாக மேலே கொண்டுவரும். மரத்தரைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அமைப்பு எளிது. கீழே சூடு இறங்காமல் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை, அதன்மேல் 16 மி.மீ. பெக்ஸ் (வளையக்கூடிய பிளாஸ்டிக்) குழாய், மேலே சிமெண்ட் கலவை, அப்புறம் கல். தண்ணீர் 35 முதல் 45 டிகிரி இருந்தால் போதும்.

இப்போது நீளம். 15 செ.மீ. இடைவெளியில் பதித்தால் சதுர மீட்டருக்கு 6.7 மீட்டர் குழாய் போகும். 24 சதுர மீட்டர் ஹாலுக்கு 160 மீட்டர். இதை ஒரே சுற்றாக விட்டால், இரண்டு 80 மீட்டர் சுற்றுகள் தரும் சூட்டை அந்த ஒன்றே தர வேண்டும். நீளமும் இரு மடங்கு, ஓட்டமும் இரு மடங்கு. குழாய்க்குள் உராய்வு ஆறேழு மடங்காகி பம்ப் திணறும். அதனால்தான் ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பார்கள். சுற்றுகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருப்பதும் நல்லது. தண்ணீர் சுலபமான வழியைத்தான் தேடும். குட்டைச் சுற்று குடித்துவிட்டால் நெட்டைச் சுற்று குளிர்ந்து கிடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது குழாயைச் சுருட்டும் விதம். பாம்புபோல வளைத்து வளைத்துக் கொண்டுபோனால், 40 டிகிரியில் நுழையும் தண்ணீர் அறையின் மறுகோடியில் 35-ல் வெளியேறும். ஒரு பக்கம் கதகதப்பு, மறுபக்கம் மந்தம். அதற்குப் பதில் கொசுவத்திப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும். அதுபோல, போகும்போது 30 செ.மீ. இடைவெளி விட்டு நடுவரை சுருட்டி, அங்கே திரும்பி, விட்ட இடைவெளிகளின் நடுவிலேயே வெளியே வர வேண்டும். சுவரோரம் 40-க்குப் பக்கத்தில் 35. பாதி வழியில் 38.75-க்குப் பக்கத்தில் 36.25. நடுவில் 37.5-ம் 37.5-ம். தண்ணீர் ஒரே சீராக ஆறினால், எந்த ஜோடியைக் கூட்டினாலும் 75! சூடான தண்ணீரும் ஆறிய தண்ணீரும் தோளோடு தோள் நின்று, அறை முழுக்க ஒரே சராசரியைத் தருகின்றன. கருவி இல்லை, மின்சாரம் இல்லை, வெறும் வடிவம். முதன்முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுற்றுகள் பிரியும் மேனிஃபோல்டை அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். வேண்டாம். வீட்டின் நடுப்பகுதியில், எல்லா அறைக்கும் கிட்டத்தில் வையுங்கள். தென்கிழக்கு மூலையில் வைத்தால் வடமேற்கு அறைக்குப் போகவரவே இருபது முப்பது மீட்டர் வீணாகும். தண்ணீருக்குத் திசை தெரியாது, தூரம் தெரியும். வாஸ்துவுக்காகக் குளிரில் உட்காருவதை என்னால் ஏற்க முடியாது.

தரைக்குள் எங்கும் குழாயில் இணைப்பு இருக்கக்கூடாது. கலவை கொட்டும் முன் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி, கொட்டி முடிக்கும்வரை அப்படியே வைத்திருங்கள். கொத்தனாரின் மண்வெட்டி பட்டால் அழுத்தமானியின் முள் உடனே இறங்கிக் காட்டிவிடும். ஒவ்வொரு அறையையும் அளவுநாடாவோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு கதவுத் தடுப்புக்குத் துளை போட வருபவரிடம் அதைத்தான் முதலில் காட்ட வேண்டியிருக்கும்.