மாமரத்துக்கு ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்தில் ஒரு வீட்டு மாமரத்தைப் பார்க்கச் சென்றபோது மாசி மாதம். மரத்தடி சொதசொதவென்று நனைந்து கிடந்தது. மேலே கிளைகளோ நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. "தினமும் வெள்ளம் கோருகேன் சாரே, பின்ன ஏன் காயுது?" என்றார் வீட்டுக்காரர். காய்ந்த நுனிகளுக்குச் சற்றுக் கீழே, மாவிலையைவிடத் தடித்த, சாம்பல் படிந்தாற்போன்ற பச்சை இலைகளுடன் ஒரு கொத்து வாடாமல் நின்றது. மரம் விட்ட புதுத் துளிர் என்று அவர் நினைத்திருந்த அது, புல்லுருவி.

புல்லுருவியின் இலைகள் பச்சையாக இருப்பதால், தனக்கு வேண்டிய உணவின் பெரும்பகுதியை அது தானே தயாரித்துக்கொள்கிறது; மண்ணில் வேர் இல்லாததால், தண்ணீருக்கும் தாது உப்புகளுக்கும்தான் மரத்தை நம்பியிருக்கிறது. மரத்துக்குள் தண்ணீரை யாரும் பம்பு வைத்து ஏற்றுவதில்லை. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவையே வேரிலிருந்து அதை மேலே கொண்டுவருகிறது. புல்லுருவி தன் உறிஞ்சுவேரைப் பட்டைக்குள் செலுத்தி, நீர் செல்லும் சைலம் குழாய்களோடு தன் குழாய்களை இணைத்துக்கொண்டு, அந்த இழுவையில் மரத்தின் இலைகளை மிஞ்சிவிடுகிறது. அதன் இலைகளில் பொட்டாசியம் போன்ற உப்புகள் அதிகம் சேர்வதும், கடும் வெயிலில் மரம் தன் இலைத்துளைகளை மூடிச் சிக்கனம் பிடிக்கும் வேளையிலும் இது தாராளமாக நீரை ஆவியாக்குவதுமே அதற்குக் காரணம். ஆகவே கூடுதலாக ஊற்றிய தண்ணீரிலும் பெரும்பங்கு முதலில் புல்லுருவிக்கே போகிறது. ஒட்டிய இடத்துக்கு அப்பால் உள்ள கிளை மெலிந்து சாகிறது.

வெட்டிய கிளையை நீளவாக்கில் பிளந்து அவரிடம் காட்டினேன். ஒட்டிய இடம் கரணை போலப் புடைத்திருந்தது. மாவின் நாரும் புல்லுருவியின் நாரும் எங்கே பிரிகின்றன என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டையின் மேலே கயிறு போல ஊர்ந்து சென்ற வேர் ஒன்று, வழியில் பல இடங்களில் மறுபடியும் கிளைக்குள் இறங்கியிருந்தது. கொத்தை மட்டும் கையால் பிடுங்கி எறிபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

பூங்கொத்திச் சிட்டு என்ற சிறு குருவி புல்லுருவியின் பழத்தைத் தின்று, பசையோடு ஒட்டிக்கொள்ளும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகிறது. குருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பழம் பிடிக்கும் முன்பே வெட்டிவிட வேண்டும். மெல்லிய கிளையாக இருந்தால் ஒட்டிய இடத்துக்கு ஓரடியேனும் கீழே, ஊர்வேர் எட்டாத இடத்தில் வெட்டுங்கள். தடித்த கிளையில் உளியால் செதுக்கி எடுத்து, வெட்டுவாயில் பூஞ்சை தாக்காமல் காக்கும் போர்டோ பசையைப் பூசுங்கள். அதற்கு மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். கிளையில் வளரும் மரவாழையையும் (ஆர்க்கிட்) பன்னத்தையும் (பெரணி) இத்துடன் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். அவை மரத்தில் குடியிருப்பவை மட்டுமே, அதன் தண்ணீரைத் தொடுவதில்லை.

ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் மரங்கள் இலையுதிர்த்து வெறுங்கொம்பாக நிற்கும்போது புல்லுருவி மட்டும் பச்சையாக இருக்கும். கீழே நின்றே எண்ணிவிடலாம். மாவிலும் பலாவிலும் அப்படித் தெரியாது, அண்ணாந்து தேடித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டு மரத்தில் நான்கு கிளைகளை இழந்தோம். விட்டுப்போன ஊர்வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கக்கூடும் என்பதால், இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) முடிந்ததும் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.