கிளியோடு வெளியே கிளம்பும் முன்: சட்டம் என்ன சொல்கிறது?

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தால், கிளி வளர்க்கும் தெரிந்தவர்கள் யாராவது என்னிடம் கேட்பார்கள்: "ரெண்டு நாள் தனியா விட்டுட்டுப் போக மனசு கேக்கல, கிளியையும் தூக்கிட்டுப் போகலாமா?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கிளி? மற்றதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

பச்சை உடல், சிவந்த அலகு, ஆணுக்குக் கழுத்தில் ரோஜா நிற வளையம். நம் ஊரில் கிளி என்றாலே இதுதான். செந்தார்ப் பைங்கிளி என்று பறவை நூல்களில் இருக்கும். தாமிரபரணிக் கரை வயல்களில் கதிர் முற்றும்போது கூட்டமாக வந்து இறங்கும். மொட்டைப் பனையின் பொந்தில் குஞ்சு பொரிக்கும். அந்தப் பொந்தில் கையை விட்டு எடுத்த குஞ்சுதான் கைமாறிக் கைமாறிக் கூண்டுக்கு வருகிறது.

இந்தக் கிளியை வெளியே கொண்டுபோகும் பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளி இனங்களைக் காக்கிறது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் இவை இரண்டாம் அட்டவணையில் உள்ளன. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காசு கொடுத்து வாங்கினேன், பத்து வருடமாகப் பிள்ளை மாதிரி வளர்க்கிறேன் என்பதெல்லாம் சட்டத்தின் முன் நிற்காது. கிளி ஜோசியக்காரருக்கும் இதே சட்டம்தான். தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய பச்சைக்கிளி, செந்தலைக் கிளி, நம் மேற்கு மலையின் நீலச்சிறகுக் கிளி, எல்லாமே இதில் அடங்கும். நீலமாகவும் மஞ்சளாகவும் 'ரிங்நெக்' என்று கடைகளில் விற்பதும் நிறம் மாறிய அதே செந்தார்ப் பைங்கிளிதான். விற்பவர் என்ன சொன்னாலும், வாங்குவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா வீட்டிலும் ஒரு பச்சைக்கிளி இருந்தது. அப்போது யாருக்கும் சட்டம் தெரியாது. "சிறகு வெட்டியாச்சு, எங்க போயிரும்" என்று ஓர் ஆடி மாதத்தில் ஆச்சி அதை மொட்டைமாடியில் விட்டாள். நம் பக்கத்து ஆடிக்காற்று எப்படி என்று சொல்லவே வேண்டாம், கணவாய் வழியே வந்து ஆளையே தள்ளும். அந்தக் காற்று கிளியைத் தூக்கிப் பக்கத்துத் தெருவில் போட்டுவிட்டது. நாங்கள் ஓடிப் போவதற்குள் காகங்கள் சூழ்ந்துவிட்டன. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. வெட்டிய சிறகு கிளியைப் பறக்கவிடாமல் வைக்காது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவிடாமல்தான் வைக்கும்.

சரி, வீட்டில் பச்சைக்கிளி இருக்கிறது, இப்போது என்ன செய்வது? தயவுசெய்து திறந்து விட்டுவிடாதீர்கள். கையில் ஊட்டி வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, வல்லூறைக் கண்டால் ஒளியவும் தெரியாது. அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்தில் நீங்களாகவே கொண்டுபோய் ஒப்படையுங்கள். பனை சாய்ந்து குஞ்சு கீழே கிடந்தது, எடுத்து வந்தோம் என்றாலும் அப்படித்தான். இப்படிக் கைக்கு வந்த காட்டுயிர் அரசின் உடைமை. 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது.

அப்புறம் வெளிநாட்டுக் கிளிகள். இவற்றை வளர்க்கத் தடையில்லை, ஆனால் பலவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ள இனங்கள் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருக்கின்றன. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, நீள வால் கொண்ட பெரிய மக்கா கிளி, மஞ்சள் நிறச் சன் கன்யூர் கிளி எல்லாம் இதில் வரும். 2024 பிப்ரவரி 28 அன்று வந்த விதிகளின்படி, ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் 6 மாதத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். இனி வாங்குபவர்கள் 30 நாளுக்குள் பதிய வேண்டும். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம், கட்டணம் 1,000 ரூபாய், அது மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். குஞ்சு பொரித்தால் 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பறவை இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வெளியே கொண்டுபோகும்போது பதிவுச் சான்றின் நகல் கூடவே இருக்கட்டும்.

சின்னக் கிளிகளான பட்ஜிக்கும் (பட்ஜெரிகர்), கொண்டை வைத்த காக்கட்டீலுக்கும் இந்தப் பதிவு தேவையில்லை. நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் பட்ஜிதான். உண்மையான லவ் பேர்ட்ஸில் ரோஜா முகம் கொண்ட இனத்துக்கு மட்டும் பதிவு வேண்டாம், மற்ற இனங்களுக்கு வேண்டும்.

எந்தப் பறவையாக இருந்தாலும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியிலோ கனத்த சங்கிலியிலோ கட்டிவைப்பதும் 11ஆம் பிரிவின்படி குற்றம். காலில் சங்கிலி போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு பைக்கில் போகிறவர்களைப் பாளையங்கோட்டையில் பார்த்திருக்கிறேன். ஹாரன் சத்தத்தில் மிரண்டு ஒரு முறை துள்ளினால் போதும், கால் எலும்பு முறிந்துவிடும். உட்காரும் குச்சியும் நல்ல கொக்கியும் உள்ள பயணக் கூண்டுதான் பாதுகாப்பு. மூன்று பக்கம் மெல்லிய துணியால் மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளேயே பல வாரம் பழக்கிய பிறகுதான்.

சித்திரை, வைகாசியில் காலை 8 மணிக்கு மேல் வெளியே வேண்டாம். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடலிலிருந்து விலக்கி வைத்திருந்தால் வெப்பம் தாக்கிவிட்டது என்று பொருள். நிழலுக்குக் கொண்டுபோய் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். நான்குவழிச் சாலையின் நடுவில் பூத்திருக்கும் அரளியைக் கொத்தவிடாதீர்கள், அது முழுக்க விஷம். உடம்புக்கு முடியவில்லை என்றால் திருநெல்வேலி பக்கத்தில் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குற்றாலத்துக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், சாரலில் பறவை நனைந்து நடுங்கும். பாபநாசம், மணிமுத்தாறு மலைப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். சோதனைச்சாவடி தாண்டி வளர்ப்புப் பறவை போகவே கூடாது. நம் கிளியிடம் இருக்கும் நோய் காட்டுக் கிளிக்குத் தொற்றினால் அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கூண்டையும் தீனியையும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். நாலு நாள் முன்னதாகவே அவர் கையால் தீனி கொடுக்கப் பழக்கிவிட்டால் அது ஏங்காது.