முற்காப்புப் பராமரிப்பு: சொல் விளக்கம்

திருநெல்வேலிப் பதிப்பு நாளிதழ்களில் ‘மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் காரணமாக’ என்று தொடங்கும் மின்தடை அறிவிப்பு அடிக்கடி வரும். ஊர்ப் பெயர்கள் மட்டும் மாறும். அதனாலோ என்னவோ, பராமரிப்பு என்றால் காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது என்பதுதான் இப்பகுதி மக்கள் மனத்தில் பதிந்த பொருள். தொழிற்சாலைக்குள் அதே ஒரு சொல் நான்கு வேறு வேலைகளைச் சுமக்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த நான்கில் ஒன்றான ‘புரோஆக்டிவ் மெயின்டனன்ஸ்’ என்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடுவதே இக்குறிப்பு.

பராமரிப்பு வடமொழி வழி வந்த சொல். மூலத்தில் அதற்கு ஆராய்தல், கருதிப் பார்த்தல் என்று பொருள். பேணிக் காத்தல் என்பது தமிழில் ஓங்கிய பொருள். ‘மெயின்டனன்ஸ்’ லத்தீனில் ‘கையில் பிடித்திருத்தல்’ என்னும் தொடரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மின்சார வேலைக்கு நம் சொல்லின் பழைய பொருளே பொருத்தம் என்பேன். அங்கே எதையும் கையால் பிடிக்கும் முன் ஆராய்ந்தே தீர வேண்டும். பழைய தலைமுறை சொன்ன ‘மராமத்து’ அரபு மூலச் சொல். பொருள் பழுது பார்த்தல்தான் என்றாலும், தண்ணீர் வரும் முன்பே ஊர் கூடிக் குளத்தையும் கால்வாயையும் தூர் வாரிய வேலைக்கும் குடிமராமத்து என்றே பெயர்.

கங்கைகொண்டான் சிப்காட்டிலோ வள்ளியூர்ப் பக்கத்துக் காற்றாலைகளிலோ இந்தச் சொற்கள் எதுவும் காதில் விழாது. ‘பிரேக்டவுன்’, ‘ஷட்டவுன்’, ‘அண்ணாச்சி, பிஎம் முடிந்ததா?’ இவைதான் அங்கே வழக்கு. பிஎம் என்பதில் ‘எம்’ மெயின்டனன்ஸ்; முதல் எழுத்தான ‘பி’ தடுப்பதையும் (பிரிவென்டிவ்) குறிக்கலாம், முன்கணிப்பதையும் (பிரிடிக்டிவ்) குறிக்கலாம். இப்போது ‘புரோஆக்டிவ்’ என்ற மூன்றாவது சொல்லும் அதே எழுத்தோடு வந்து சேர்ந்திருக்கிறது.

வேறுபாட்டை ராதாபுரம் வட்டத்துக் கடலோரக் காற்றாலை ஒன்றின் கட்டுப்பாட்டுப் பேனலை வைத்துப் பார்க்கலாம். உப்புக் காற்று உள்ளே புகுந்து செம்பு முனைகளில் பச்சை படிகிறது. இணைப்பில் மின்னோட்டத்துக்கு எதிர்ப்பு கூடுகிறது; கூடிய இடம் சூடாகிறது; சூடாகிக் குளிர்ந்து திருகு தளர்கிறது; தளர்ந்தால் மேலும் சூடு. ஒருநாள் கான்டாக்டர் (மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) கருகி எந்திரம் நிற்கிறது. கான்டாக்டரை மாற்றி ஓட்டினால் அது பழுது நீக்கல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்துத் திருகுகளை முறுக்கினால் தடுப்புப் பராமரிப்பு. வெப்பப்பட கேமராவால் பார்த்து, சூடேறும் முனையை மட்டும் தேர்ந்து கவனித்தால் முன்கணிப்புப் பராமரிப்பு. இந்த மூன்றிலும் உப்புக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது! கேபிள் நுழையும் துளைகளைச் சரியான கிளாண்டு (கேபிளைச் சுற்றி இறுக்கும் மூடி) போட்டு அடைப்பது, கதவின் ரப்பரை மாற்றுவது, ஈரம் படியாமல் சிறு ஹீட்டர் வைப்பது, அடுத்த முறை தூசும் பீய்ச்சும் நீரும் புகாத ஐபி 65 தரப் பெட்டியையே கேட்டு வாங்குவது, இவை நான்காம் வகை; ‘புரோஆக்டிவ்’ என்பது இதைத்தான். பழுதின் வேரில் கை வைப்பதால் இதற்குத் தனிப் பெயர் வேண்டும்.

தென்மேற்குப் பருவக் காற்று செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வீசும் மாதங்கள்தான் இங்கே காற்றாலைகளின் விளைச்சல் காலம். அப்போது நின்றுபோன எந்திரத்துக்கு மார்கழியில் ஈடு கட்ட முடியாது.

‘புரோஆக்டிவ்’ 20ஆம் நூற்றாண்டுச் சொல். முன்பு கற்றது பின்பு கற்பதைக் குழப்புவதைக் குறிக்க உளவியலார் அதை ஆண்டார்கள். நிர்வாக மொழிக்குப் போன பிறகுதான் ‘கேட்கும் முன் செய்பவர்’ என்ற பாராட்டுப் பொருள் ஓங்கியது. தமிழில் ‘முன்கூட்டிய பராமரிப்பு’ என்று எழுதுகிறார்கள். ஆனியில் செய்வதைச் சித்திரையில் செய்தாலும் அது முன்கூட்டியதுதான்; உப்புக் காற்று நிற்காது. ‘முனைப்பான பராமரிப்பு’ ஊழியரின் சுறுசுறுப்பைச் சொல்கிறதே தவிர, வேலையின் இயல்பைச் சொல்லவில்லை.

வள்ளுவர் இரண்டு தொடர் தருகிறார். ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ (429) என்பதில் வரப்போவதை அறிதலும் காத்தலும் சேர்ந்திருக்கின்றன. ‘வருமுன்னர்க் காவாதான்’ (435) குற்றங்கடிதல் அதிகாரத்தில் வருகிறது. குற்றம் வருமுன் காக்காதவன் வாழ்க்கை எரிமுன் வைத்த வைக்கோற்போர். இதையே பெயராக்கினால் ‘வருமுன் காப்பு’. ஆனால் 1999இல் தமிழக அரசு தொடங்கிய மருத்துவ முகாம் திட்டத்தால் ‘வருமுன் காப்போம்’ நோய்த் தடுப்போடு ஒட்டிக்கொண்டது. எனவே முன் + காப்பு = முற்காப்பு என்பதே என் தேர்வு; முற்காலம், முற்பகல் போல நாவில் புரளும். 

பணிக் குறிப்பேட்டில் எழுதுபவருக்கு ஓர் எடுத்துக்காட்டு. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்குள் இருக்கும் மின்பகு வகை மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. ‘விசிறி, வடிகட்டி மாற்றப்பட்டன’ என்பது தடுப்பு. ‘மேற்குச் சுவர் வெயிலில் நின்ற பேனல் உள்ளறைக்கு மாற்றப்பட்டது’ என்பது முற்காப்பு.