பழைய காரின் முன் கண்ணாடியை வீட்டிலேயே மாற்றலாம்: பிடித்து நிறுத்துவது ரப்பர்தான்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய மினி, ஃபோக்ஸ்வேகன் பீட்டில். இந்த வண்டிகளின் முன் கண்ணாடியைத் தாங்குவது பசையும் அல்ல, திருகும் அல்ல. சுற்றிலும் ஓடும் ஒரு ரப்பர் பீடிங். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பள்ளங்கள் தெரியும். உட்பக்கப் பள்ளத்தில் கண்ணாடியின் ஓரம் உட்கார்ந்திருக்கும். வெளிப்பக்கப் பள்ளம் பாடித் தகட்டின் விளிம்பைக் கவ்வியிருக்கும். கண்ணாடியும் இரும்பும் ஓரிடத்தில்கூட ஒன்றையொன்று தொடாது, தொடவும் கூடாது.

இன்றைய கார்களில் கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டிவிடுகிறார்கள். அங்கே கண்ணாடியும் பாடியின் பலத்தில் பங்கெடுக்கிறது. பல வண்டிகளில் பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது சாய்ந்து நிற்பதும் அதன் மேல்தான். அதை வீட்டில் தொடக்கூடாது. ரப்பரில் நிற்கும் பழைய கண்ணாடிக்கு அந்தச் சுமை இல்லை. பொறுமையான இரண்டு பேர் இருந்தால், பெயின்ட் காயும் நேரம் போக, அரை நாளில் முடிக்கக்கூடிய வேலை இது. ஆனால் புதுக் கண்ணாடி பொருத்தும்போதே விரிசல் விடுவதும், பொருத்திய மறுநாள் காலை விரிசல் விட்டிருப்பதும் அடிக்கடி நடக்கிறது. காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஓரத்தில்தான் இருக்கும்.

கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைத்தால் ஒரு முகம் இழுபடும். அந்த முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தாலும் விசை முழுவதும் அதன் நுனியில் குவிந்து கீறலைப் பிளந்துகொண்டே போகும். கண்ணாடியின் கணக்குப்படியான பலத்துக்கும் உண்மையான பலத்துக்கும் இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்பதை இங்கிலாந்துப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் 1921இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இப்படித்தான் விளக்கினார். கார் கண்ணாடியில் இந்த நுண்கீறல்கள் மிகுந்திருப்பது வெட்டித் தேய்த்த ஓரத்தில். அதனால் நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் தாங்கும் கண்ணாடி, ஓரத்தில் ஒரு துரு மேடு முட்டினால் தாங்காது.

இதில் கண்ணாடியின் வகையும் முக்கியம். டஃபண்ட் கண்ணாடியை ஏறத்தாழ 620 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முழுவதும் அழுத்த நிலையில் உறைந்துவிடுவதால் ஓரத்தில் சிறு தவறு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். உடைந்தால் முழுவதும் கற்கண்டாக உதிர்ந்துவிடும். லாமினேட்டட் கண்ணாடியில் பதப்படுத்தாத இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே சுமார் 0.76 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஏடு இருக்கும். உடைந்தாலும் துண்டுகள் ஏட்டில் ஒட்டிக்கொண்டு முகத்தில் தெறிக்காது. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அமலுக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் தயாரான வண்டிகளுக்கு முன் கண்ணாடி லாமினேட்டட்டாகவே இருக்க வேண்டும். அதற்கு முந்தைய வண்டியில் டஃபண்ட் இருந்திருக்கலாம். புதிதாக வாங்கும்போது எந்த வண்டியானாலும் லாமினேட்டட்டையே வாங்குங்கள். கல் பட்ட நொடியில் பாதை தெரியாமல் போகும் ஆபத்து அதில் இல்லை. ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும்: டஃபண்ட் பொறுத்துக்கொண்ட கோணலான விளிம்பை லாமினேட்டட் பொறுக்காது.

வாங்கும்போது கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற, பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர முத்திரையைப் பாருங்கள். நிறம் ஏற்றிய கண்ணாடி என்றால் 70 விழுக்காடு ஒளியாவது ஊடுருவ வேண்டும் என்பது விதி. தடிமனை அளந்து வாங்குங்கள். பழைய லாமினேட்டட் 6 மில்லிமீட்டருக்குமேல் இருந்த இடத்தில் இன்று 5 மில்லிமீட்டர் கண்ணாடி கிடைக்கிறது. பீடிங்கின் பள்ளம் பழைய தடிமனுக்கு வெட்டியதாக இருந்தால் கண்ணாடி தளர்ந்து தண்ணீர் உள்ளே வரும். கண்ணாடித் துண்டு ஒன்றைப் பள்ளத்தில் செருகிப் பார்த்தாலே இறுக்கம் தெரிந்துவிடும். பழைய பீடிங்கைத் திரும்பப் போடும் ஆசை வேண்டாம். வெயிலில் இறுகிய ரப்பர் சுருங்கியும் இருக்கும், மூலைகளில் கட்டாயம் ஒழுகும்.

கழற்றுவது எளிது. வைப்பர் கைகளையும் உள்ளே பின்பக்கம் பார்க்க மாட்டிய கண்ணாடியையும் எடுத்துவிட்டு, பானட்டின் மேலும் டேஷ்போர்டின் மேலும் கெட்டியான போர்வை விரியுங்கள். டஃபண்ட் ஏற்கெனவே உதிர்ந்திருந்தால் டேஷ்போர்டின் காற்றுத் துவாரங்களை முதலில் டேப்பால் அடைக்க வேண்டும். உள்ளே போன துகள்கள் ஃபேன் போடும்போதெல்லாம் கண்ணுக்கு வரும். பிறகு கூர்மையான கத்தியால் பீடிங்கின் வெளி உதட்டை, அதாவது பள்ளத்தின் வெளிப்பக்க மடிப்பை, சுற்றிலும் அறுத்து எடுத்துவிட்டால், உள்ளேயிருந்து மேல் மூலைக்குப் பக்கத்தில் விரித்த கையால் மெல்லத் தள்ளும்போது கண்ணாடி தானே வெளியே வரும். வெளியே ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ; 0.6 சதுர மீட்டர், 6 மில்லிமீட்டர் என்றால் 9 கிலோ. தடித்த கையுறையும் கண் காப்பும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

வேலையின் பாதிக்கு மேல் நேரம் போக வேண்டியது அடுத்த கட்டத்தில். பெரும்பாலான வண்டிகளில் பாடி விளிம்பின் கீழ் மூலைகள் இரண்டும் துருப்பிடித்திருக்கும், ஏனென்றால் பீடிங்குக்குள் புகுந்த தண்ணீர் அங்கேதான் தேங்கும். ஒழுகலை அடைக்கப் பூசிய பழைய மாஸ்டிக் பிசினை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, துருவை வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமரும் பெயின்ட்டும் அடித்து முழுவதும் காய விடுங்கள். பொத்தல் விழுந்திருந்தால் டிங்கரிங் கடையில் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பட்டி அடைத்துச் சமாளிப்பது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. விளிம்பு முழுவதையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெல்டிங் மணி, பட்டித் திட்டு, பல முறை அடித்த பெயின்ட்டின் தடிப்பு எல்லாவற்றையும் அரத்தால் சமன் செய்யுங்கள். பின்பு பீடிங் இல்லாமலே, சிறு ரப்பர்த் துண்டுகளின் மேல் கண்ணாடியைத் திறப்பில் நிறுத்திப் பாருங்கள். சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். கண்ணாடியின் வளைவும் விளிம்பின் வளைவும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மூலை தூக்கி நின்றால் விளிம்பைத் தட்டிச் சரிசெய்யுங்கள். பீடிங் இழுத்து அடக்கிவிடும் என்று நினைத்தால் அந்த விசையைக் கண்ணாடி நாள் முழுவதும் சுமக்கும்.

இனிப் பொருத்துவது. பீடிங்கில் இரண்டு இனம் உண்டு. மினியில் இருப்பது பூட்டுப் பட்டை உள்ள இனம். முதலில் ரப்பரைப் பாடி விளிம்பில் மாட்டி, கண்ணாடியின் கீழ் ஓரத்தைப் பள்ளத்தில் இறக்கி, முனை மழுங்கிய பிளாஸ்டிக் கரண்டியால் உதட்டைச் சுற்றிலும் கண்ணாடியின் மேல் எடுத்துப் போடுவார்கள். கடைசியாக, இந்த இனத்தில் கூடுதலாக உள்ள மூன்றாவது பள்ளமான பூட்டுப் பள்ளத்தில் பட்டையைச் செருகியதும் அது ஆப்பு போல ரப்பரை இருபுறமும் நெருக்கி இறுக்கும். பட்டையை இழுத்துச் செருகக்கூடாது. இழுபட்ட பிளாஸ்டிக் ஓரிரு நாளில் பழைய அளவுக்குச் சுருங்கி, இணைப்பில் இடைவெளி விடும். ஒரு சென்டிமீட்டர் மிகையாக விட்டு, மறுநாள் வெட்டுவது நல்லது.

பீட்டிலில் இருப்பது கயிறு போட்டு ஏற்றும் இனம். உங்கள் பீடிங்கில் பூட்டுப் பள்ளம் இல்லையென்றால் வழி இதுதான். பீடிங்கை அரை மணி வெயிலில் போட்டால் இளகிவிடும். அதைக் கண்ணாடியின் மேல் மூலைகளில் தொடங்கி மாட்டுங்கள். எங்கும் இழுக்காமல், மூலைகளில் சற்றுத் தள்ளி நெருக்கமாகவே உட்கார வையுங்கள். பளபளப்பான உலோகப் பட்டை உண்டென்றால் அதை இப்போதே ரப்பரில் செருகிவிட வேண்டும், பின்னால் முடியாது. பிறகு 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழுவழுப்பான கயிற்றை வெளிப்பள்ளத்தில் சுற்றிலும் இடுங்கள். மெல்லிய நைலான் நூல் ரப்பரை அறுத்துவிடும். காலியான பேனாக் குழாய்க்குள் கயிற்றைக் கோத்து, குழாயைப் பள்ளத்தில் ஓட்டினால் கயிறு தானாக இறங்கும். இரு முனைகளும் கீழ் நடுவில் 30 சென்டிமீட்டர் அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வண்டிக்குள் தொங்க வேண்டும்.

வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய், கிரீஸ் இரண்டும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். வெளியே நிற்பவர் கண்ணாடியை நடுவாக வைத்து, கீழ் ஓரம் விளிம்பில் அமரும்படி உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வரும்போது உள் உதட்டைத் தூக்கி இரும்பு விளிம்பின் மேல் புரட்டிப் போடும். கயிறு எங்கே வருகிறதோ அங்கே வெளியிலிருந்து தட்டிக்கொடுக்க வேண்டும். கீழ்ப்பகுதி முடிந்ததும் இரு பக்கமும் மாறி மாறி மேலே ஏறி, மேல் நடுவில் முடியுங்கள். கயிறு இறுகி நின்றால் இழுக்காதீர்கள்: உதடு மடிந்திருக்கும், அல்லது கண்ணாடி ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். முஷ்டியால் குத்தும் இடத்தில்தான் புதுக் கண்ணாடிகள் போகின்றன.

மாஸ்டிக் வைப்பதற்கு முன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அழுத்தமில்லாத ஹோஸை முதலில் கீழ் ஓரத்தில் பிடித்து, சில நிமிடங்களுக்கொரு முறை மேலே நகர்த்துங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கே நுழைகிறது என்று தெரியாது. மேல் மூலையில் புகுந்த தண்ணீர் பீடிங்குக்குள்ளேயே ஓடிக் கீழ் மூலையில் சொட்டும். உள்ளே டார்ச்சும் காய்ந்த செய்தித்தாளுமாக ஒருவர் இருக்கட்டும். வைப்பர் அச்சு வழியாக வரும் ஒழுகலைக் கண்ணாடியின் தலையில் கட்டிவிடாதீர்கள். ஒழுகும் இடம் தெரிந்து, எல்லாம் காய்ந்தபின் அங்கே உதட்டைத் தூக்கி, இறுகாத வகை மாஸ்டிக்கைக் குழல் நுனியால் செலுத்துங்கள். வினிகர் வாடை வரும் சிலிகான் வேண்டாம், அதிலிருந்து வெளியேறும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். பாலியூரித்தேனும் வேண்டாம், அடுத்த முறை கண்ணாடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வழிந்ததைத் துடைக்க டர்பன்டைன் போதும், தின்னர் பெயின்ட்டையும் சேர்த்து எடுத்துவிடும்.

முதல் சில நாட்கள் கதவுக் கண்ணாடி ஒன்றைச் சற்று இறக்கி வைத்தே கதவைச் சாத்துங்கள். எல்லாம் மூடிய வண்டியில் கதவை அறைந்தால் காற்றழுத்தம் இன்னும் படியாத பீடிங்கை வெளியே தள்ளும். நடு வெயிலில் கொதித்து நிற்கும் கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர் ஊற்றாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு விரிசல் வந்தால் அது தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். கல் பட்ட விரிசல் ஒரு சிறு பொட்டிலிருந்து கிளம்பும். பொட்டே இல்லாமல் ஓரத்திலிருந்து உள்ளே ஓடியிருந்தால், பீடிங்கைத் தூக்கி அதே இடத்தில் இரும்பு விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு மேடு கைக்குத் தட்டுப்படும். அதைத் தேய்த்து எடுத்தபின்தான் அடுத்த கண்ணாடிக்குப் பணம் கொடுக்க வேண்டும்.