ஓவர்டிரைவின் ஆயுள் அதன் ஆயிலில்: பழைய லேண்ட் ரோவர்களின் கூடுதல் கியர்

சீரீஸ் 3 லேண்ட் ரோவரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூடக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். நாலு கியர் வண்டி அது. டாப் கியரில் போனாலும் இஞ்சினின் சுழற்சி, முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் 1.148 மடங்கும் ஆக்ஸிலில் 4.7 மடங்கும் குறைந்த பிறகுதான் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்ற இஞ்சின் கிட்டத்தட்ட 5.4 சுற்று சுற்றியாக வேண்டும். 7.50-16 டயர் போட்ட நீள வண்டிக்குக் கணக்குப் போட்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்று. சேற்றிலும் செங்குத்து மேட்டிலும் வண்டியைக் காப்பாற்றுவது இந்தக் குறைப்புதான். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டும்போது அதுவே இரைச்சலாகவும் பெட்ரோல் செலவாகவும் வந்து நிற்கிறது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருந்த ஃபேரி வின்ச்சஸ் நிறுவனம் 1970களில் இதற்கென ஓர் ஓவர்டிரைவை, அதாவது அதே வேகத்துக்கு இஞ்சினைக் குறைவாகச் சுற்றவைக்கும் கூடுதல் கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்புறம், வின்ச் போன்ற கருவிகளை ஓட்டச் சக்தி எடுப்பதற்காக விட்டிருந்த திறப்பில் அதை மாட்டிவிடலாம். கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டின், அதாவது முக்கியத் தண்டின், கடைசியில் உட்கார்ந்திருக்கும் பல் சக்கரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தப் பெட்டி வரும். லீவரைப் போட்டால் உள்ளே 0.782 சுற்றுக்கு வெளியே ஒரு சுற்று. அதே 80 கிலோமீட்டருக்கு இஞ்சின் சுமார் 2,270 சுற்று சுற்றினால் போதும். பழைய வண்டிக்காரர்கள் இன்றும் இதைத் தேடி வாங்குவதில் ஆச்சரியமில்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஓவர்டிரைவ் போடாதபோது உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் பல் சக்கரமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். பக்கத்தில் லே ஷாஃப்ட் என்ற துணைத் தண்டு ஒன்று இருக்கிறது. அதன் பற்கள் எப்போதும் கோத்தே இருப்பதால் அதுவும் கூடவே சுற்றும், ஆனால் சுமை எதுவும் அதன் மேல் இருக்காது. லீவரைப் போட்டதும் நேர்ப்பூட்டு விலகி, விசை முழுவதும் லே ஷாஃப்ட் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அதுவரை சும்மா சுற்றிக்கொண்டிருந்த பற்கள் அந்தக் கணத்திலிருந்து சுமை தூக்குகின்றன. ஒரே வேகத்தில் சுற்றிய தண்டும் பல் சக்கரமும் இப்போது வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால், நடுவில் இருக்கும் ஊசி போன்ற ரோலர்கள் உருளத் தொடங்குகின்றன.

இத்தனைக்கும் மசகு கொடுப்பது பெட்டியின் அடியில் கிடக்கும் கொஞ்சம் ஆயில். பம்ப் கிடையாது. பற்கள் ஆயிலில் முங்கி எழுந்து வாரியடிப்பதுதான் ஏற்பாடு. பக்கத்து டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் இரண்டரை லிட்டர் ஆயில் நிற்கிறது. ஓவர்டிரைவில் தனியாக நிற்கும் ஆயில் அந்த அளவில் சிறு பங்குதான். அண்டாத் தண்ணீரில் கால் டம்ளர் குறைந்தால் யாருக்கும் தெரியாது, சொம்பில் குறைந்தால் பாதி காலி. இந்தப் பெட்டியின் நிலைமை சொம்பின் நிலைமை. சீல் லேசாகத் தேய்ந்து கொஞ்சம் கசிந்தாலே பற்களுக்கு ஆயில் எட்டாமல் போகும். அந்த ஆயில் தரையில் சொட்டாமல் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குள்ளேயே இறங்கிவிடவும் கூடும். அப்போது தரையில் கறையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. முதலில் காய்வது மேலே இருக்கும் பேரிங்குகள். இந்த ஓவர்டிரைவ் பலவீனமான சாமான் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயில் அளவை யாரும் திறந்து பார்க்காததால் கெட்டவைதான் அதிகம் என்பது என் கருத்து.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். இரண்டு பற்கள் அழுத்திக்கொள்ளும் இடத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு ஏறும். அந்த அழுத்தத்தில் ஆயில் நொடிப்பொழுதுக்குக் கிட்டத்தட்டத் திடப்பொருள்போல இறுகி, தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத படலமாகப் பற்களைப் பிரித்து வைக்கிறது. படலம் கிழியும் இடங்களுக்காகத்தான் கியர் ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களைக் கலக்கிறார்கள். உரசல் சூட்டில் அவை இரும்போடு வினைபுரிந்து, பற்கள் ஒட்டிக்கொள்ளாதபடி ஒரு மெல்லிய பூச்சை உண்டாக்குகின்றன.

ஆனால் அதே பெட்டிக்குள் சிங்க்ரோ வளையம் ஒன்றும் இருக்கிறது. அதன் வேலை நேர் எதிரானது. கூம்பை உரசிப் பிடித்து இரண்டு வேகங்களையும் ஒன்றாக்கிய பிறகுதான் பூட்டு விழ வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையத்துக்குப் பிடி கிடைக்காது, லீவர் போடும்போது கரகரவென்று அரைக்கும். அதோடு வீரியமான கந்தகச் சேர்மங்கள் சூட்டில் வெண்கலம், பித்தளை பாகங்களை அரிக்கும். அதனால் டப்பாவில் கியர் ஆயிலின் தரக் குறியீடான ஜிஎல்-5 என்று பெரிய எண்ணைப் பார்த்து, அதுதான் உசத்தி என்று வாங்கி ஊற்றுவது இங்கே சரியல்ல. அது பெரும்பாலும் ஆக்ஸில் பற்களுக்கான தரம். பழைய சிங்க்ரோ பெட்டிக்கு ஜிஎல்-4 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது இபி 90 பொருத்தமானது.

சரி, பழைய ஆயிலை வடிக்கும்போது என்ன பார்ப்பது? வண்டி கொஞ்சம் ஓடிச் சூடாக இருக்கும்போது வடித்தால், அடியில் தங்கியதும் சேர்ந்து வரும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வழவழவென்று சாம்பல் நிறத்தில் மினுங்கினால் வழக்கமான தேய்மானம். மஞ்சளாகப் பொடி மின்னினால் சிங்க்ரோ வளையம் கரைகிறது. நகத்தில் சிக்கும் அளவுக்குச் செதிலோ ஊசித் துண்டோ வந்தால் பேரிங் உடைய ஆரம்பித்துவிட்டது, பெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆழமான நீரில் இறங்கி ஏறிய வண்டிகளில் இது நடக்கும்.

காதுக்கும் வேலை உண்டு. ஓவர்டிரைவ் போட்டால் மட்டும் ஊளைச் சத்தம் வந்தால், சந்தேகம் சுமை ஏறிய லே ஷாஃப்ட் பற்கள் மேலும் அந்த ஊசி ரோலர்கள் மேலும். போடாதபோதும் கடகடத்தால் மெயின் ஷாஃப்டில் பெட்டி கோத்துக்கொள்ளும் வரிப்பற்களையும் பார்க்க வேண்டும். பழைய தண்டில் அவை தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல ஓவர்டிரைவை மாட்டினாலும் ஆடும்.

ஓட்டும் விதத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெட்டி மெயின் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதால், முதல் கியரில் இஞ்சினின் முறுக்குவிசை மூன்றரை மடங்குக்கு மேல் பெருகித்தான் அதற்குள் வருகிறது. எல்லாக் கியரிலும் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு கொஞ்சம் ஆயிலை நம்பி, சுமை ஏற்றிய வண்டியை முதல் இரண்டு கியர்களில் ஓவர்டிரைவோடு மேட்டில் ஏற்றத் தேவையே இல்லை. மூன்றாவதிலும் டாப்பிலும் போட்டுக்கொள்ளுங்கள். மேடு வந்து இஞ்சின் திணறினால் கிளட்சை மிதித்து ஓவர்டிரைவை எடுத்துவிடுங்கள். இஞ்சின் ஆயில் பார்க்கிற அன்றைக்கே, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஓவர்டிரைவின் லெவல் பிளக்கையும் திறந்து பார்த்துவிடுங்கள்.