புது ஹார்ப் ஏன் சுருதி இறங்கிக்கொண்டே போகிறது?

மடியில் வைத்து மீட்டும் 22 தந்தி ஹார்ப் ஒன்றை வாங்கி மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுவந்தால், முதல் சில வாரங்கள் வாசிப்பதைவிடச் சுருதி சேர்ப்பதிலேயே நேரம் போகும். காலையில் சரியாக நின்ற சி (மேற்கத்திய இசையின் C சுரம்), சாயந்திரம் இறங்கியிருக்கும். கருவியில் கோளாறு என்று அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் காரணம் நைலான்தான்.

இழுபட்டபடியே இருக்கும் நைலான் மெல்ல மெல்ல நீளும். தோட்டத்து வீடுகளுக்குப் பின்னால் துணி காயப்போடும் நைலான் கயிறு, கட்டிய சில நாளிலேயே தொய்வது இதனால்தான். தந்தி நீண்டால் இழுவிசை குறையும், அதோடு அதிர்வெண்ணும், அதாவது தந்தி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதும், குறையும்; சுருதி இறங்கும். ஆனால் அதே அளவில் அல்ல. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை 1 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் அரை சதவீதம்தான் இறங்கும்.

அரை சதவீதம்தானே என்று காது விட்டுவிடாது. 262 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய சி அவ்வளவு இறங்கியபின், அதையும் மேல்ஸ்தாயி சி-யையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள். ஒலி விநாடிக்கு இரண்டு மூன்று முறை ஏறி இறங்கித் துடிக்கும். கோயில் தேவார வகுப்பில் சுருதிப்பெட்டியோடு பாடிப் பழகிய பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

வீணையில் தந்தியை அழுத்திச் சுரம் மாற்ற மெட்டுக் கட்டைகள் உண்டு, ஹார்ப்பில் கிடையாது. ஒரு தந்திக்கு ஒரு சுரம்தான். (நம் பழைய யாழும் அப்படித்தான், பேரியாழுக்கு 21 நரம்பு.) லீவர் (தந்தியை அழுத்தி அதிரும் நீளத்தைக் குறைக்கும் சிறு நெம்புகோல்) வைத்த ஹார்ப்பாக இருந்தால் அரைச்சுரம் ஏற்றலாம்: 60 சென்டிமீட்டர் தந்தியில் லீவர் சுமார் 3.4 சென்டிமீட்டரைக் கழித்துவிடும். அடிப்படைச் சுருதியே பிசகியிருந்தால் லீவரும் பிசகைத்தான் ஏற்றும்.

அப்புறம் நம் ஊர்ப் புழுக்கம். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஒலிப்பலகையின் மரமும் ஈரத்தில் உப்பும், ஏசி அறையில் சுருங்கும். தந்தியின் ஒரு முனை அந்தப் பலகையில்தான் இருக்கிறது. அதனால் வாசிக்கப்போகும் அறையிலேயே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சுருதி சேர்ப்பது நல்லது.

சுருதி சேர்க்கும் சாவியைத் திருப்பும்போது ஒரு எச்சரிக்கை. கைப்பேசிச் செயலிகள் பல எந்த ஸ்தாயி சி-யையும் பெரிய எழுத்தில் வெறும் சி என்றுதான் காட்டும். அதை நம்பி ஒரு ஸ்தாயி மேலே ஏற்றப் போனால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். தந்தி அதற்கு முன்பே அறுந்துவிடும். சிவப்புத் தந்தி சி, கறுப்பு அல்லது நீலம் எஃப். முதலில் அந்த நிறத் தந்திகளை வைத்து எது எந்த ஸ்தாயி என்று எண்ணிக்கொள்ளுங்கள், பிறகு சாவியை எடுங்கள்.