போலி மருந்தா, வெற்று மருந்தா?

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் பெரியவர்களுக்காக நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பில் சென்ற வாரம் ஒரு மருத்துவச் செய்தியை வாசிக்கக் கொடுத்தேன். பிரிட்டனில் இதயம் நின்றுபோனவர்களில் ஒரு பாதிக்கு அட்ரினலின் என்ற மருந்தும் மறுபாதிக்குப் ‘போலி மருந்தும்’ ஏற்றிப் பார்த்த ஆய்வு அது. வாசித்து முடித்ததும் முன்வரிசை அம்மா கேட்டார்: “ஐயா, போலி மருந்து ஏற்றியவர்களைப் போலீஸ் பிடித்ததா, இல்லையா?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. போலி நோட்டு, போலி மருத்துவர், போலிச் சாமியார் என்று நாள்தோறும் படிக்கிறவர் வேறு எப்படிக் கேட்பார்? கள்ள மருந்து விற்கிறவனுக்கு உரிய சொல்லை ஆய்வாளர் தலையில் கட்டியது நாம்தான்.

‘போலி மருந்து’ என்று நாம் பெயர்த்த சொல் பிளாசீபோ (பிரெஞ்சு படித்த நம்மவர் வாயில் பிளாசெபோ): ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தே இல்லாமல் மருந்துபோல் கொடுப்பது. அது லத்தீன் சொல். ‘மகிழ்விப்பேன்’ என்று பொருள். லத்தீன் விவிலியத்தின் 114ஆம் சங்கீதத்தில் வருகிறது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘நடப்பேன்’. ஆக, சொல் பிறந்ததே மொழிபெயர்ப்புக் கோளாறில்! இறந்தவருக்கான செபத்தில் அந்த வரியைப் பாடக் காசுக்கு ஆள் வைத்தார்கள். கூலிக்கு மாரடிப்பவர் எந்த ஊரில் இல்லை? அப்படியே முகத்துதிக்காரனுக்குப் பெயராகி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோயாளியின் மனம் கோணாமல் கொடுக்கும் மருந்துக்கும் பெயரானது.

இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு ‘ஆறுதல் மருந்து’ என்பார் சிலர். நினைவே இல்லாமல் கிடப்பவருக்கு என்ன ஆறுதல்? 2018இல் வெளியான, பாராமெடிக்-2 என்ற அந்தப் பிரிட்டன் ஆய்வில் 8,014 பேர். மார்பை அழுத்துவது, மின்னதிர்ச்சி கொடுப்பது எதிலும் இரு பிரிவுக்கும் குறை வைக்கவில்லை. ஊசியில் இருந்தது மட்டும் வேறு: ஒன்றில் அட்ரினலின், மற்றதில் நாம் வீட்டில் பிரெஞ்சு வாடையோடு ‘சேரோம்’ என்கிற உப்புநீர். 30 நாள் கழித்து உயிரோடிருந்தவர் அட்ரினலின் பிரிவில் 3.2 சதவீதம், உப்புநீர்ப் பிரிவில் 2.4. ஆனால் பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பிரிவில்தான் அதிகம். இதைக் காட்டிக்கொடுத்த உப்புநீரைப் போய்ப் போலி என்பதா?

‘மருந்துப்போலி’ என்று திருப்பிப் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். தமிழ் இலக்கணத்தில் அறம் அறன் ஆவது கடைப்போலி, இல்முன் முன்றில் ஆவது இலக்கணப்போலி. அங்கெல்லாம் போலியில் வஞ்சகம் இல்லை, ஒன்று மற்றொன்றின் இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். புலவர்கள் மட்டும் வாழும் தீவாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நன்னூல் படித்துவிட்டா ஒருவர் மருத்துவமனைக்குப் போகிறார்? ‘போலி’ என்று காதில் விழுந்ததும் சந்தேகம் வந்துவிடும். முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அதன் குணம் அதுதான். தவிர, அவசரத்தில் எழுதுகிற செய்தியாளர் கையில் மருந்துப்போலி மறுநாளே போலி மருந்தாகிவிடும்.

என் ஓட்டு ‘வெற்று மருந்து’க்கு. வெற்றுத்தாளில் தாள் உண்டு, எழுத்துத்தான் இல்லை. வெற்று மருந்திலும் ஊசி உண்டு, நீர் உண்டு, சோதிக்கப்படும் மருந்து மட்டும் இல்லை. ஏமாற்று வாடை கிடையாது. அந்த அம்மாவிடம் சொன்னேன். “வெற்று என்றால் ஊசிக்குள் காற்றா?” என்றார். விளக்கிய பிறகுதான் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அகராதியின் முதல் வரியோடு புத்தகத்தை மூடிவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறவரை இந்தத் தொல்லை ஓயாது. ஊசியில் இருப்பது எது என்பதை ஏற்றுகிறவரும் அறியாமல் மறைத்துவைத்த ஆய்வு இது. ஆங்கிலத்தில் ‘டபுள் பிளைண்ட்’ என்கிற இதற்கு ‘இருபக்க மறைப்பு’ என்றால் போதும். அதே செய்தியின் அடுத்த பத்தி அதை ‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்கிறது. வகுப்பு இன்னும் அந்தப் பத்திக்கு வரவில்லை. வரும் வாரம் அந்த அம்மா என்ன கேட்கப்போகிறாரோ.